வாளியில் கரைந்த சிவப்பு

வாளியில் இருப்பது ரத்தம் இல்லை என்று அத்தை சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார்.

"நிச்சயமா இல்லையா, அத்தை?"

"ரத்தம் இப்படி நுரைக்காது, மாப்பிள்ளை. சோப்பு வாசனை வேற வருது."

"ஏன், சுத்தக்காரனுக்குச் சாவு வராதா?"

அத்தை வாளியை விட்டு நிமிர்ந்தார். பறவை இல்லத்தின் கழுவும் அறையை மூலைக்கு மூலை பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தொட்டி. ஆணியில் தொங்கும் தூரிகைகள். பழம் நறுக்கும் பலகை. நடுவில், 'யாரும் தொடாதீர்கள்' என்று தாள் ஒட்டிய இந்த வாளி. உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர்.

அத்தையை ஊரில் எல்லோரும் அத்தை என்றுதான் அழைத்தார்கள். அவர் நடத்தும் துப்பறியும் அலுவலகத்தின் பெயர்ப் பலகையிலேயே அப்படித்தான் இருந்தது. மகளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளைக்கு வேலை போனபோது, "வீட்டுல உக்காந்து என் மககூட சண்டை போடுறதுக்கு என்கூட வந்து போடுங்க" என்று சேர்த்துக்கொண்டார். அன்று முதல் வண்டி ஓட்டுவது, பை தூக்குவது, முதலில் பயப்படுவது ஆகியவை மாப்பிள்ளையின் இலாகா. அவற்றில் வண்டி ஓட்டுவது மட்டும் சரியாக வராது. இன்று காலையும் வாசலில் நின்ற வெள்ளை வேனுக்குப் பின்னால், அது அசைய முடியாதபடி குறுக்கே நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"கோணலா நிறுத்தியிருக்கீங்க" என்று அத்தை அப்போதே சொன்னார்.

"நான் நேராத்தான் நிறுத்தினேன். ரோடுதான் கோணல்."

கழுவும் அறைக் கதவருகே ஒரு பெண் விரலைப் பிசைந்துகொண்டு நின்றாள். பறவை இல்லத்தின் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள். அத்தையைத் தேடி வந்து அழைத்தவள் அவள்தான்.

"எங்க அண்ணன் திருடன் இல்ல, அத்தை. சாயங்காலம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள நிரூபிக்கலேன்னா வேலையும் போயிடும், போலீஸ்லயும் ஒப்படைச்சிடுவாங்க."

"உங்க அண்ணன் எங்கம்மா?"

"மாணிக்கத்தோட கூண்டுல. அழுதுட்டிருக்கான்."

அழுதுகொண்டுதான் இருந்தான். ஆள் ஒல்லி, நடை துள்ளல், அதனால் எல்லோருக்கும் அவன் குருவி. இந்த இல்லத்துப் பறவைகளுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, காயத்துக்கு மருந்து போடுகிறவன். அவன் எதிரே கிளையில் உட்கார்ந்திருந்தது மாணிக்கம். தூரத்து மழைக்காட்டிலிருந்து வந்த துராக்கோ என்ற பறவை. பச்சை உடம்பு, தலையில் கொண்டை. சிறகை விரித்தால் அந்தக் கூடமே சிவக்கும் என்று பெயர் வாங்கியது. இப்போது அது சிறகை விரித்தது. பலமுறை துவைத்த துண்டின் நிறத்தில் இருந்தது.

"என்ன நடந்துச்சு, குருவி? ஒளிக்காம சொல்லு" என்றார் அத்தை.

"கதவுச் சங்கிலிக்குப் புதுசா கிரீஸ் போட்டாங்க, அத்தை. அதுல போய் உக்காந்து ரெண்டு சிறகையும் அப்பிக்கிச்சு. மறுநாள் கமிட்டித் தலைவர் பார்க்க வர்றாரு. வெறும் தண்ணியில போகல. நான் என் யூனிஃபார்ம் துவைக்கிற சோப்பை எடுத்து…" அவன் மூக்கை உறிஞ்சினான். "பறவைக்குச் சோப்பே கூடாதுன்னு எனக்குத் தெரியும். அவசரம். நல்லாத் தேய்ச்சேன். தண்ணி சிவந்துடுச்சு."

"அப்புறம்?"

"மயங்கி விழுந்துட்டேன்."

"பாத்தீங்களா" என்றார் மாப்பிள்ளை, "நான் மட்டும் இல்ல."

குருவி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "பறவைகளைப் பரிசோதிக்கிற நிபுணர் வந்து, அதே சோப்புத் தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைச்சுப் பாத்தாரு. பஞ்சும் சிவந்துச்சு. 'பெயிண்ட் அடிச்ச போலி, அசலை வித்துட்டு எதையோ நிறம் பூசி வச்சிருக்கான்'னு சொல்லிட்டாரு. நான் விக்கல, அத்தை. ஆனா அவர் சொல்றது நிஜம்தானே? அசல் பறவைக்குச் சாயம் போகுமா? என் மாணிக்கத்தை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. இது யாரு பெத்த புள்ளையோ."

யாரு பெத்த புள்ளையோ பறந்து வந்து அவன் தோளில் உட்கார்ந்து, காதை மெதுவாகக் கடித்தது.

"இப்படி உன் காதைக் கடிக்கிறது யார் பழக்கம்?"

"மாணிக்கத்தோட பழக்கம்" என்ற குருவி, தான் சொன்னதைத் தானே கேட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி நின்றான்.

அத்தை தன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த கூடத்துக்கு நடந்தார்.

*

அங்கே ஒரு கூண்டுக்கு மட்டும் திரை போட்டிருந்தது. 'கண் நோய். வெளிச்சம் கூடாது. நெருங்க வேண்டாம்' என்று அட்டை. திரை முன்னால் மேலாளர் அம்மாளும், மொட மொட சட்டை போட்ட ஒருவரும் நின்றார்கள். அவர்தான் நிபுணர். போன மாதத்திலிருந்து வாராவாரம் வந்து பறவைகளைப் பரிசோதிப்பவர்.

"துப்பறிய வந்திருக்கீங்களாமே" என்றார் நிபுணர். "இதுல துப்பறிய என்ன இருக்கு? துணிக்கடைக்காரனைக் கேட்டாலே சொல்வான். சாயம் போனா சரக்கு மட்டம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார் அத்தை பணிவாக.

மாப்பிள்ளை ஓரடி பின்னால் நகர்ந்தார். அத்தை பணிவாகப் பேசினால் யாருக்கோ கெட்ட நேரம் என்பது அவர் குடும்ப அனுபவம்.

நிபுணர் உற்சாகமானார். "அசல் எப்படி இருக்கும்னு காட்டவா?" என்று திரையைக் கொஞ்சமாக விலக்கினார். அரை இருட்டில் ஒரு நீலக் கிளி. நீளமான வால், செக்கச்செவேல் என்று கண். "இது நீலா. இந்த இல்லத்தோட பெருமை." ஈரப் பஞ்சை எடுத்து அதன் முதுகில் அழுத்தித் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்தார். அப்போதும் வெள்ளை. "பாத்தீங்களா. இயற்கை கொடுத்த நிறம் எதுக்கும் அசையாது."

"ஐயோ பாவம், கண்ணு இப்படிச் சிவந்திருக்கே" என்று மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "ராத்திரி தூங்கலையா? கல்யாணம் ஆன கிளியா?"

"தொத்துற நோய்" என்று நிபுணர் திரையை இழுத்து மூடினார். "நானே என் வீட்டுக்குக் கொண்டு போய் வைத்தியம் பண்ணிக் கொண்டுவந்தேன். இன்னும் முழுசா ஆறல."

"நல்லாப் பேசும்" என்றார் மேலாளர் வருத்தமாக. "வர்றவங்க எல்லார்கிட்டயும் 'டிக்கெட் வாங்கியாச்சா'ன்னு கேக்கும். கவுண்டர்ல கேட்டுக் கேட்டுப் பழகினது. வைத்தியத்துக்குப் போய் வந்ததுலேர்ந்து வாயே திறக்கல."

"எங்க வீட்டுக்கும் அந்த வைத்தியத்தைக் கொஞ்சம் சொல்லுங்க" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார்.

"அப்போ அந்தப் போலி மாணிக்கத்தை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார் அத்தை.

"அதை இங்க வச்சிருந்தா இல்லத்துக்குத்தான் அவமானம்" என்றார் நிபுணர். "கமிட்டி முடிஞ்சதும் நானே வேன்ல எடுத்துட்டுப் போய்டுறேன். ஒரு உபகாரமா."

"பெரிய மனசு" என்றார் அத்தை.

திரைக்குக் கீழே, தரையில் ஒரு நீலச் சிறகு கிடந்தது. அத்தை கண்ணைக் காட்டினார். மாப்பிள்ளை செருப்பைச் சரி செய்கிறவர் போலக் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார்.

*

தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அத்தை போன் போட்டார். எதிர்முனையில் அவருடைய நாத்தனார். கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறவர். மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"அரைச்சா என்ன ஆகும்? … நிறமே மாறிடுமா? … பழுப்புப் பொடியா? … சரி. அடியில கறுப்பு இல்லேன்னா? … அப்படிப் போடு. … இன்னொண்ணு, அந்தச் சிவப்பு? … என்னது, செம்பா?"

போனை வைத்ததும் மாப்பிள்ளை கேட்டார். "காப்பிக்கொட்டையா, அத்தை?"

"பறவை, மாப்பிள்ளை. பறவைங்க நிறம் வாங்குற கடை ஒண்ணு இல்ல, பல கடை. சிலதுக்குத் தீனியிலேர்ந்து வருது. சிலதுக்கு உடம்பே தயார் பண்ணிக் கொடுக்குது. நீலம் இருக்கே, அது ரொம்பப் பேருக்குக் கடைச் சரக்கே இல்ல."

"புரியல."

"எதுக்கு இவ்வளவு மெனக்கெடுதுங்கன்னாவது புரியுதா?"

"அது புரியும். கல்யாணத்துக்கு முன்னாடி உங்க மகளைப் பார்க்க வரும்போதெல்லாம் நானும் நீலச் சட்டைதானே போட்டேன்."

"முத மழையில அது வெளுத்துடுச்சு. என் மக இன்னும் சொல்லிக் காட்டுறா." அத்தை எழுந்தார். "வாங்க. நமக்கு இப்ப வேண்டியது ஒரு பழைய சிறகு. மாணிக்கத்தோட சிறகு. நிபுணர் இந்த வாசலை மிதிக்கிறதுக்கு முன்னாடியே உதிர்ந்ததா இருக்கணும்."

"அதை யார் வச்சிருப்பாங்க?"

அத்தை டிக்கெட் கவுண்டரைப் பார்த்தார். கண்ணாடிக்கு உட்புறம், சில்லறை டப்பாவின் மேல், தீக்கொழுந்து போல ஒரு சிவப்புச் சிறகு ஒட்டியிருந்தது.

"போன வருஷம் சிறகு உதிர்க்கிற பருவத்துல அண்ணன் எனக்குக் கொடுத்தது" என்றாள் தங்கை. "அப்போ இந்த நிபுணரெல்லாம் இங்க வரவே இல்ல."

"எனக்குக் கொடுக்கிறியா? திரும்பி வரும்போது இப்படி இருக்காது."

அவள் அந்தச் சிறகை ஒருமுறை தடவினாள். பிறகு ஒட்டுத்தாளைப் பிய்த்து, அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள்.

*

கமிட்டி அறையில் நீள மேசை. தலைவர் நடுவில், மேலாளர் வலப்பக்கம், நிபுணர் இடப்பக்கம். குருவி சுவரோடு சுவராக நின்றான். மாணிக்கம் அவன் தோளை விட்டு இறங்க மறுத்ததால் அதுவும் விசாரணைக்கு வந்திருந்தது.

அத்தை மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைத்தார். மாப்பிள்ளை குருவியின் துவைக்கிற சோப்பைக் கரைத்து ஊற்றினார்.

"இந்தச் சிறகு போன வருஷம் விழுந்தது. கவுண்டருக்கு வந்து போனவங்க எல்லாரும் பார்த்தது. மேலாளர் அம்மா, நீங்க?"

"தினமும் பார்க்கிறேனே."

"அப்போ இது அசல் மாணிக்கத்தோடதுன்னு எல்லாருக்கும் சம்மதம்தானே?"

நிபுணர் ஒருத்தர்தான் தலையாட்டவில்லை. அத்தை சிறகைக் கிண்ணத்தில் முக்கி, விரலால் உருவினார். தண்ணீரில் ஒரு சிவப்பு இழை இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு கிண்ணம் முழுவதும் ரோஜாப் பூ நிறம்.

தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இந்தப் பறவைக்குன்னே ஒரு சிவப்பு இருக்கு" என்றார் அத்தை. "அதுக்குள்ள செம்பு கலந்திருக்கு. மழைத் தண்ணிக்கு அசையாது. சோப்புத் தண்ணி மாதிரி காரத்துல கரையும். சாயம் போனதாலதான் இது அசல். பெயிண்ட் அடிச்சவன்னா சோப்புக்கு அசையாத பெயிண்டா பார்த்து வாங்கியிருக்க மாட்டானா?"

குருவி தோளைத் திரும்பிப் பார்த்தான். "நீ மாணிக்கம்தானா?" என்று கேட்டான். அது மறுபடி காதைக் கடித்தது.

"மிகவும் சந்தோஷம்" என்று நிபுணர் சட்டென்று எழுந்தார். முகத்தில் சிரிப்பு குறையவில்லை. "தப்பு யாருக்கும் வரும். அபூர்வமான விஷயம், எனக்குத் தெரியல. குருவி, மன்னிச்சுடுப்பா. அப்போ நான் கிளம்புறேன்."

மாப்பிள்ளையும் எழுந்து கைதட்டத் தயாரானார். வழக்கு முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

"உக்காருங்க" என்றார் அத்தை. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். "மாப்பிள்ளை, உங்களைச் சொல்லல. நீங்க அந்தப் பையில இருக்கிற நீலச் சிறகை எடுங்க."

மாப்பிள்ளை எடுத்தார்.

"ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, அது வழியாப் பாருங்க. என்ன நிறம்?"

"நீலம். ஜம்முனு இருக்கு, அத்தை."

"குருவி, நீலாவோட கூட்டுப் பெட்டியில பழைய சிறகு ஏதாவது கிடக்குமா?"

குருவி துள்ளி ஓடி, துள்ளி வந்தான். பெட்டியின் அடியில் மெத்தை போலக் கிடந்த சிறகுகளில் ஒன்றைக் கொண்டுவந்தான். மேசைமேல் வைத்தபோது அதுவும் நீலமாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை அதை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணை மாற்றிப் பார்த்தார்.

"அத்தை, இது காஞ்ச சருகு மாதிரி பழுப்பா இருக்கு. கீழ இறக்கினா நீலம், மேல தூக்கினா பழுப்பு. எனக்கும் அந்தக் கண்வலி தொத்திக்கிச்சா?"

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. வானம் நீலமா இருக்கேன்னு ஒரு சொம்பு மொண்டு பாத்தா உள்ள நீலம் இருக்குமா? இதோ, இந்த நுரைக் குமிழில வானவில் தெரியுது. சோப்புல வானவில்லா கரைச்சோம்? எல்லாம் வெளிச்சம் பண்ற வேலை. கிளியோட நீலமும் அப்படித்தான். சிறகுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான ஓட்டை. அதுல பட்டு நீலம் மட்டும் நம்ம பக்கம் திரும்பி வருது. அடியில ஒரு கறுப்புப் படலம் மிச்ச வெளிச்சத்தைக் குடிச்சுடுது. பின்னாலேர்ந்து வெளிச்சம் வந்தா அந்த வித்தை பலிக்காது. அடிப் படலம்தான் பழுப்பாத் தெரியும். எந்தப் பக்கம் பாத்தாலும் நீலமாவே இருக்குன்னா…"

"தலைச் சாயம் பூசியிருக்கு" என்று முடித்தார் மாப்பிள்ளை.

தலைவர் நிபுணர் பக்கம் திரும்பினார்.

"திரைக்குப் பின்னால இருக்கிறது நீலா இல்ல" என்றார் அத்தை. "வெள்ளைக் கிளி ஒண்ணுக்கு அழியாத நீலச் சாயம் ஏத்தியிருக்கீங்க. அந்தக் கிளிக்குக் கறுப்பே உடம்புல சுரக்காது. அதனாலதான் அது வெள்ளை. அதனாலதான் கண்மணியும் சிவப்பு. சிறகுக்குச் சாயம் பூசலாம், கண்ணுக்கு எப்படிப் பூசுறது? அதுக்குத்தான் கண் நோய், திரை, அட்டை. நீலாவை வைத்தியத்துக்குன்னு வெளிய கொண்டு போனது நீங்க. கொண்டுவந்தது இதை. அந்த ருசியிலதான் மாணிக்கம் மேலயும் கண்ணு போச்சு. இந்தச் சிவப்பு கரையும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். குருவி செஞ்ச அவசரம் உங்களுக்கு அதிர்ஷ்டம். போலின்னு சொல்லிட்டா, எல்லாரும் கும்பிட்டு உங்க வேன்ல ஏத்தி அனுப்புவாங்க."

"ஆதாரம் இல்லாம பேசாதீங்க" என்ற நிபுணரின் சிரிப்பு இப்போது கிண்ணத்துத் தண்ணீரைவிட வெளிறியிருந்தது. அடுத்த கணம் நாற்காலி சாய்ந்தது. ஆள் கதவுக்கு வெளியே இருந்தார்.

"அத்தை, ஓடுறாரு" என்றார் மாப்பிள்ளை.

"தெரியுது. நீங்களும் ஓடுங்க."

மாப்பிள்ளை ஓடினார். அவருக்கு முன்னால் குருவி ஓடினான். குருவியின் தோளில் மாணிக்கம், வெளுத்த சிறகை விரித்துத் தானும் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தது. பின்னால் தலைவரும் மேலாளரும். அத்தை மட்டும் நடந்தார்.

வாசலில் நிபுணர் வெள்ளை வேனுக்குள் உட்கார்ந்து எஞ்சினை உறும விட்டுக்கொண்டிருந்தார். முன்னால் சுவர். பின்னால், கொஞ்சமும் வெட்கமில்லாமல் குறுக்கே நின்றது மாப்பிள்ளையின் வண்டி. அதற்கு ஹாரன் அடித்துப் பார்த்தார். வண்டிக்கு அது உறைக்கவில்லை.

மாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். தன் வண்டியைப் பார்த்தார். பிறகு நிதானமாக நடந்து வந்த அத்தையைப் பார்த்தார்.

"கோணலா நிறுத்தியிருக்கேன்னு சொன்னீங்களே, அத்தை."

"இன்னும் கோணலாத்தான் இருக்கு" என்றார் அத்தை. "ஆனா நல்லா இருக்கு."

வாயிற்காவலர் வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே போர்வை மூடிய ஒரு கூண்டு. குருவி ஏறிப் போர்வையை இழுத்தான். வெளிச்சம் உள்ளே பாய்ந்ததும் நீலம் பளீரென்று எரிந்தது. கறுத்த கண்மணி இரண்டு உருண்டு எல்லோரையும் அளந்தது. "மாணிக்கத்தையும் ஏத்திட்டு, ரெண்டையும் ஒரே நடையில விக்கப் போயிருப்பாரு" என்றார் அத்தை.

"நீலா" என்றான் குருவி. அவனுக்கு இன்று அழுகைக்குப் பஞ்சமில்லை. "நீ பேசலேன்னதும் என்மேல கோவம்னு நினைச்சேனே."

நீலா அவனைச் சட்டை செய்யவில்லை.

தலைவர் குருவியின் தோளில், மாணிக்கம் இல்லாத பக்கத் தோளில், கை வைத்தார். "நாளைக்கு வழக்கம்போல வந்துடுப்பா. சோப்பு மட்டும் இனிமே வேண்டாம்."

"இதுக்குச் சிவப்பு திரும்ப வருமா, அத்தை?" என்று குருவி கேட்டான்.

"அடுத்த தடவை சிறகு உதிர்த்து முளைக்கும்போது புதுசா வரும். பழத்தைக் கொடு, மத்ததை அதுவே பாத்துக்கும்." அத்தை தங்கையின் பக்கம் திரும்பி, வெளுத்துப்போன அந்தச் சிறகை நீட்டினார். "உன்னோடது, மன்னிச்சுக்கோம்மா."

அவள் அதை வாங்கித் தலைமுடியில் செருகிக்கொண்டாள். "இப்பத்தான் இது அழகா இருக்கு, அத்தை."

மேலாளர் போன் போட்டு வரவழைத்த போலீஸ் வண்டி தெருமுனையில் திரும்பியது. காவலர்கள் இரண்டு பேர் இறங்கி நிபுணரை வேனிலிருந்து இறக்கினார்கள். மொட மொட சட்டை கசங்கியிருந்தது. ஆளுக்கொரு கையைப் பிடித்து, திறந்த கூண்டைக் கடந்து அவரை நடத்திக்கொண்டு போனார்கள்.

நீலா தலையைச் சாய்த்து அவரை ஏற இறங்கப் பார்த்தது. பல நாள் மௌனத்துக்குப் பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டது.

"டிக்கெட் வாங்கியாச்சா?"